நேற்றைய தேதி

எங்கள் வீட்டில் போன வருடம் தொடர்ந்து இருபத்தாறு நாள் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. தட்டில் அல்ல, சுவரில். கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழையும் இடத்தில் தேக்குச் சட்டம் போட்ட ஒரு சின்னக் கரும்பலகையை மாட்டியிருக்கிறோம். அதன் உச்சியில் வில் போல வளைத்து ‘இன்றைய சமையல்’ என்று எழுதி, இருபுறமும் மல்லிகைக் கொடியைப் படரவிட்டு, அடியில் அந்த இரண்டு பதார்த்தங்களின் பெயரையும் எழுதியவள் என் மகள். எழுத்து அவ்வளவு அழகு. குழம்பில் வரும் ‘ழ’வின் வாலைச் சுருட்டிக் கொடியோடு கோத்துவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் முன் நின்றார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால் அன்று புளியோதரை. இதில் ஏதோ சரியில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை, என் அம்மாவைத் தவிர.

அம்மாவுக்கு வயது 73. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் காபி டம்ளருடன் அந்தப் பலகைக்கு எதிரே வந்து நின்று, “இன்றைக்கும் வத்தக்குழம்பா?” என்று கேட்பார். முதல் வாரம் கேலி என்று நினைத்துச் சிரித்தோம். இரண்டாம் வாரம் எனக்கு எரிச்சல் வந்தது. ஆசையாகச் செய்து வைத்திருக்கும் பிள்ளையின் மனம் நோகாதா என்று தனியாக அழைத்துச் சொல்லியும் பார்த்தேன். அதற்கு அவர், “எழுத்தில் குறை சொல்லவில்லை. நேற்றைய தேதியை அழிக்காமல் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது, அதுதான்” என்றார். வாத்தியாரம்மாக்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பிடிவாதம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அலுவலகத்தில் கோப்பு புரட்டும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் திரும்பத் திரும்ப வந்தது.

காரைக்குடியில் கிடைத்தது

சட்டம் கிடைத்தது காரைக்குடியில். உறவில் ஒரு கல்யாணம்; மாலை வரவேற்புக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. மகள்தான் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடிக்கப்பட்ட வீடுகள் துண்டு துண்டாக வந்து சேரும் இடம் அது. எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள், கதவிலிருந்து கழற்றிய பித்தளைக் குமிழ்கள், பல்லாங்குழிகள், தூண்கள், எவர் வீட்டு முற்றத்தையோ பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிகள். ஒரு கடையின் பின்கட்டில் படச் சட்டங்களை மட்டும் செங்குத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். இட்லித் தட்டு உருவுவதுபோல ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையெல்லாம் கருப்பாகிவிட்டது.

மகள் உருவியது பதினாறுக்கு இருபது அங்குலம். ஒன்றரை அங்குல அகலத் தேக்கு. நான்கு மூலையிலும் ஓர் இலை செதுக்கியிருந்தது. உள்விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு பாதி உதிர்ந்திருந்தது. கடைக்காரர் 1,200 ரூபாய் சொன்னார். பேரம் பேசுவதில் எனக்குத் திறமை கிடையாது. மகள் பேசி 850க்குக் கொண்டு வந்தாள். பிறகு அவர் கையில் குறடை எடுத்துக்கொண்டு, “உள்ளே இருப்பதை எடுத்துவிடட்டுமா அக்கா? எல்லோரும் வெறும் சட்டமாகத்தான் கேட்கிறார்கள்” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. வாய் கட்டாத மூட்டை. மேலாக ஒரு தலைப்பாகையும் ஒரு மூக்குத்தியும் தெரிந்தன. அது என்ன என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. சட்டங்களிலிருந்து கழற்றிய படங்கள் அவை. “அப்படியே கொடுங்கள் தம்பி” என்றேன்.

எங்கள் சட்டத்துக்குள் இருந்தது புகைப்படம் இல்லை, ஒரு திருமண வாழ்த்து மடல். இளஞ்சிவப்புத் தாளில் பச்சை மையில் அச்சடித்தது. ஆண்டு 1971, ஆவணி மாதம். மேலே இரண்டு கிளிகள், நடுவில் இரண்டு பத்தியாக வாழ்த்துப்பா, அடியில் ‘இங்ஙனம், அன்பு நண்பர்கள்’ என்று பதினோரு பெயர்கள், அதற்கும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடியிருந்தது பாட்டு. இப்படிப்பட்ட மடல்களை நம் எல்லோருடைய வீட்டிலும் பார்த்திருக்கிறோம். பந்தலில் நண்பர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து அதை ராகமாக வாசிப்பார், யாரும் கேட்க மாட்டார்கள், மாப்பிள்ளை கூச்சத்துடன் சிரிப்பார். பிறகு அது ஆணியில் ஏறிவிடும். ஏறியதை இரண்டாம் முறை நின்று படித்தவர் யாராவது உண்டா என்று தெரியவில்லை. வெள்ளையடிக்கும்போது மட்டும் இறக்கித் துடைத்துத் திரும்ப மாட்டுவார்கள். அழிக்க முடியாது, கழற்றவும் மனம் வராது, படிக்கவும் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மடலை முதல் வரியிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார். ஐம்பது வருடத்தில் அதை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். படித்து முடித்து, “மூன்று ஒற்றுப்பிழை” என்றார்.

பெயின்டும் பொறுமையும்

செய்த விதத்தை விரிவாக எழுதப் போவதில்லை. நாங்கள் செய்த தப்புகளை மட்டும் சொன்னால் போதும். முதல் யோசனை, சட்டத்தில் இருந்த கண்ணாடியிலேயே கருப்புப் பெயின்ட் அடித்துவிடலாம் என்பது. தெருமுனையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுபவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். வழவழப்பான கண்ணாடியில் வெறும் பெயின்ட் நிற்காது, நகத்தால் நிமிண்டினால் தோல் உரிவதுபோல வந்துவிடும் என்றார். அவர் சொன்னபடி பிளைவுட் கடையில் 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு வாங்கி, சட்டத்தின் காடியை, அதாவது பலகை உட்காரும் உள்பள்ளத்தை அளந்து, எல்லாப் பக்கமும் ஒரு நூல் குறைத்து அறுத்து வாங்கினோம். மழைக்காலத்தில் ஊறினால் உப்ப இடம் வேண்டுமாம். கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தாயிற்று. ஊடே சிறு குமிழிகள் ஓடும் பழைய கண்ணாடி. எறிய மனம் வரவில்லை.

இரண்டாவது தப்பு, பெயின்டை நாங்களே தயாரித்தது. இணையத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கும் செய்முறைதான்: ஒரு கப் அக்ரிலிக் பெயின்டுக்கு, டைல்ஸ் இடுக்கில் பூசும் மணல் கலக்காத கிரவுட் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி. பவுடர் எதற்கு என்றால் சொரசொரப்புக்கு. சாக்பீஸ் எழுதுவதே உரசித் தேய்வதால்தான். வழுக்கும் பரப்பில் அது கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும், எழுதாது. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் நாங்கள் சலிக்காமல் கொட்டியதில் கட்டி தட்டிவிட்டது. காய்ந்த பிறகு பலகை ரவா தோசை மாதிரி இருந்தது. உப்புத்தாளைப் போட்டு அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு, பெயின்ட் கடைக்குப் போய்க் கேட்டால், கரும்பலகைக்கென்றே பெயின்ட் டப்பா இருக்கிறது! பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவோ காலமாக விற்கிறார்களாம். மகளுக்கு முகம் வாடிவிட்டது. கடையில் சும்மா கிடைப்பதைச் செய்வதில் என்ன பெருமை?

பிரஷ் கோடு தெரியக்கூடாது என்று சின்ன ரோலரால் இரண்டு கோட். முதல் கோட் குறுக்காக, இரண்டாவது நெடுக்காக. நடுவே 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. சட்டத்தைக் கழற்றியபோது பின்பக்கம் துருவேறிய கம்பி ஆணிகள், மக்கிய பழுப்புக் காகிதம், பெட்டிப் பலகை, ஒரு பிடி பூச்சித்தூள் எல்லாம் வந்தன. பெட்டிப் பலகை நன்றாகத்தான் இருந்தது. மடலை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. மகள் அதைத் தன் கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். என் கணவர் யாருடையதோ, நமக்கெதற்கு என்றார். அம்மா, “அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முன்னால் உன் பலகையை வை” என்றார். அப்படியே செய்தோம். ஹார்டுபோர்டுக்கும் பெட்டிப் பலகைக்கும் நடுவில் இரண்டு கிளிகளும் பதினோரு நண்பர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது தப்புதான் பெரியது. புதுக் கரும்பலகையில் நேராக எழுதக்கூடாது. மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, ஒரு முழு சாக்பீஸைப் படுக்க வைத்து, பலகை முழுக்க வெள்ளையாகும்வரை மேலும் கீழும், பிறகு குறுக்காகவும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். புதுப் பெயின்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். எல்லாவற்றிலும் சாக்பீஸ் தூள் ஒரே சீராகப் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு எழுதுவது மேலோடு நிற்கும், துடைத்தால் போய்விடும். அப்படிச் செய்யாமல் எழுதினால், முதலில் எழுதிய எழுத்து அந்தத் துளைகளில் குடியேறிவிடும். மகளின் சிநேகிதிகள் மறுநாள் வருவதாக இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. அதுவும் சாக்பீஸால் எழுதவில்லை. சாக்பீஸ் குழம்பு அடைத்த பேனா ஒன்று விற்கிறார்களே, அதனால் எழுதினாள். கண்ணாடியிலோ பீங்கானிலோ எழுதினால் ஈரத் துணிக்குப் போய்விடும் மை அது. துளையுள்ள பரப்பில் கறை மாதிரி இறங்கிவிடும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

இருபத்தேழாம் நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்திலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை. கண் நேராகப் பலகைக்குப் போனது. வில் இல்லை. கொடி இல்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த தடம் இன்னும் முழுதாகக் காயவில்லை. அதன்மேல், கோடு போட்டதுபோல நேராக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கடைசி பெஞ்சிலிருந்து தெரியும் அந்த எழுத்தில், வலது மூலையில் தேதியும் கிழமையும். இடது பக்கம்: சிலிண்டர் மாற்றியது இன்று. பால் நாளை ஒன்று போதும். பருப்பு தீர்ந்தது.

கோபம் எனக்குச் சட்டென்று தலைக்கேறியது. “அம்மா, எதற்கு அழித்தீர்கள்? அவள் வந்தால் அழுவாள்” என்று கத்திவிட்டேன். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்து அரிசியில் ஏது கல்? ஆனாலும் பொறுக்குவார். நிமிராமலே, “போர்டு என்றால் அழிக்கத்தானே” என்றார். “அது அலங்காரத்துக்குச் செய்தது” என்றேன். “அப்படியென்றால் சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு மூடியிருக்க வேண்டும். முன்னால் அப்படித்தானே இருந்தது” என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

சிறிது நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார். அம்மா வேலை பார்த்த முதல் பள்ளி ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒருவர், அம்மா ஒருவர், ஐந்து வகுப்பு. தினமும் காலை வழிபாடு முடிந்ததும் கரும்பலகையில் நாள், கிழமை, அதற்குக் கீழே பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுத வேண்டும். நாம் எல்லோரும் அந்த எண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். அவை யாருக்காக எழுதப்படுகின்றன என்று நான் யோசித்ததே இல்லை. வந்து பார்க்கும் அதிகாரிக்காக என்று நினைத்திருப்பேன். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு அந்த ‘வருகை’ என்ற எண்ணுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. சமையல் செய்யும் அம்மாள் பத்து மணிக்கு வகுப்பறை வாசலில் வந்து நிற்பார், பலகையைப் பார்ப்பார், போவார். பேச்சுக் கிடையாது. தலைக்கு 100 கிராம் அரிசி என்று அந்த எண்ணை வைத்துத்தான் அன்று உலை ஏறும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் மேலதிகாரி அலுவலகத்திலிருந்து ஏதோ விவரம் கேட்டு ஆள் வந்துவிட்டது. அம்மா அந்த மும்முரத்தில் பலகையைத் தொடவில்லை. முந்தைய நாள் பக்கத்து ஊரில் திருவிழா. அன்று வந்திருந்தவர்கள் 29 பேர். அந்த 29 அப்படியே நின்றது. வியாழனன்று வந்தவர்கள் 36. பன்னிரண்டரை மணிக்கு வரிசையில் கடைசியாகத் தட்டோடு நின்ற ஏழு பேருக்கும் சோறு இல்லை. அம்மா தன் டப்பாவையும் தலைமை ஆசிரியருடையதையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஏழு பேருக்கு இரண்டு டப்பா. “யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. போர்டில் 29 இருந்தது, அந்த அம்மாள் 29 பேருக்குச் சமைத்தாள். அவள் பேரில் என்ன தப்பு?” என்றார். பிறகு முறத்தை ஒரு புடை புடைத்தார்.

அதற்கப்புறம் நான் எதுவும் பேசவில்லை. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பருப்பு வாங்கிவர மறுபடியும் கடைக்குப் போனேன், பலகையில் எழுதியிருந்ததே.

ஊமத்தை, கோவை, மணல்

மகள் அழவில்லை. என்னிடம் சண்டை போட்டாள், அம்மாச்சியிடம் மூன்று நாள் பேசவில்லை, நான்காம் நாள் பலகை முன் போய் நின்று, “இது என்ன, போகவே இல்லையே!” என்றாள். போகத்தான் இல்லை. சிலிண்டருக்கும் பாலுக்கும் அடியில், வெயில் சாய்வாக விழும் நான்கு மணிக்கு, மல்லிகைக் கொடி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ‘ழ’வின் சுருண்ட வால் தேதியைச் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை முறை துடைத்தாலும் காயும்வரை மறைந்திருந்து, காய்ந்ததும் மேலே வந்தது. நுண்துளைகள், சாக்பீஸ் பேனா என்ற கதையெல்லாம் அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்ததுதான்.

அம்மாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. “போர்டு பசி எடுத்தால் இப்படித்தான் எழுத்தைத் தின்னும்” என்றார். பழைய பள்ளிகளில் பலகைக்குப் பெயின்ட் ஏது? வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிப்பதற்கு முன்னால் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பையன்களை அனுப்பி ஊமத்தை இலையும் கோவை இலையும் பறித்து வரச் சொல்வார்களாம். சமையல் கூடத்திலிருந்து அடுப்புக்கரி. மூன்றையும் கல்லில் வைத்து நசுக்கி, துணியில் தோய்த்துப் பலகை முழுக்க அழுத்தித் தேய்க்க வேண்டும். கரி நிறம் கொடுக்கும், இலைச்சாறு அதைப் பிடித்து வைக்கும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பலகை கன்னங்கரேல் என்று இருக்கும். புது சாக்பீஸ் அதில் மேயும். ஊமத்தை விஷம் என்பதால், தேய்த்த பையன்களை வரிசையாக நிற்கவைத்து சாம்பல் போட்டுக் கை கழுவ வைத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார். இதை நானும் என் பள்ளியில் செய்திருக்கிறேன். கோவை இலையால் சிலேட்டையும் துடைத்திருக்கிறேன். பச்சை வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் அது பலகையைச் சுத்தம் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். வாரா வாரம் புதுப்பிப்பது என்று இப்போதுதான் உறைத்தது. 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்த பிறகு, பலகை, வரைபடம், விளையாட்டுச் சாமான் என்று பள்ளிகளுக்குப் பொருள்கள் வரத் தொடங்கின. நல்ல பெயின்ட் அடித்த பலகை வந்த பிறகும் சில காலம் வெள்ளிக்கிழமையானால் பையன்கள் பழக்கத்தில் இலையோடு வந்து நின்றார்களாம்.

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அம்மாவின் ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் ஆண்ட்ரூ பெல் வருவாராம். 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டு வந்தார்; மூத்த பிள்ளைகளை விட்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியானது. அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துகொண்டிருந்த வேலைதான். அம்மாவுக்கு இதில் சட்டாம்பிள்ளை முக்கியமில்லை, மணல்தான் முக்கியம். “கையால் ஒரு தடவு தடவினால் போதும். தப்பாக எழுதினாலும் வெட்கமில்லை” என்றார். அம்மா எதையும் தத்துவமாகச் சொல்பவர் இல்லை. மணலைப் பற்றி மணலாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் மகளே போய், காலி மனை வேலியில் படர்ந்திருந்த கோவைக் கொடியிலிருந்து ஒரு கை இலை கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து பலகையைக் கழற்றித் திண்ணையில் வைத்துத் தேய்த்தார்கள். கரிக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் இரண்டு துண்டு வாங்கி வந்தாள். ஊமத்தையை மட்டும் நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். காய்ந்த பிறகு பலகை கருப்பும் பச்சையும் கலந்து, மயில் கழுத்து மாதிரி ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் ஒரு முழு சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்துத் துடைத்தார்கள். கொடி போய்விட்டது. வில்லும் போய்விட்டது. ‘ழ’வின் வால் போகவில்லை. கடையில் வாங்கிய பெயின்டின் மேல் இலைச்சாறு வேலை செய்யுமா என்று கேட்டால், பாதி செய்யும் என்பதுதான் என் அனுபவம். இன்னொரு கோட் அடித்தால் அந்த வாலும் போய்விடும். அடிக்கவில்லை. யாரும் வேண்டுமென்று தீர்மானித்து அடிக்காமல் இருக்கவில்லை. மீதிப் பெயின்ட் டப்பாவிலேயே இறுகிவிட்டது.

அம்மாவின் வழக்கம் அதன்பின் நிலைத்துவிட்டது. காலையில் காபி முடிந்ததும் பலகையைத் துடைத்து, தேதி, கிழமை. ஆனி மாதம் வரைக்கும் அவ்வளவுதான். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்து, ஆடிக்கு முன்னால் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு நள்ளிரவு பஸ்ஸில் திரும்பினோம். விடிந்து எழுந்து வந்தபோது பலகையில் தேதிக்குக் கீழே இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

பதிவு 4.
வருகை 3.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா பின்னாலிருந்து, “உழக்கில் தலை தட்டி அரிசி போடு. நேற்று வரைக்கும் போட்ட அளவு போட்டால் மிஞ்சும்” என்றார். மிஞ்சத்தான் செய்தது, முதல் இரண்டு நாள். கை பழகவில்லை. என் கணவர் வெளியூர் போகிற நாளில் 2 என்று இருக்கும். ஒரு முறை அவர் சொல்லாமல் இரவே திரும்பிவிட்டார். பலகையைக் காட்டி, “2 என்றுதானே இருக்கிறது” என்று சொல்லி அம்மா அவருக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் அந்த எண்களைப் பார்த்து ஒன்றும் புரியாமல், மகள் வரைந்த கொடி எங்கே என்று கேட்பார். தன் வீட்டுக்குச் செய்து தரச் சொன்னதைப் பற்றி அதன்பின் பேசுவதில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாள் மகள் விடிகாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கினாள். நாங்கள் எழுந்திருக்கும்போது பையெல்லாம் கூடத்தில் கிடந்தது. அவள் சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளை. பலகையில் தேதி மாறியிருந்தது. 3 இருந்த இடத்தில் பெரிதாக ஒரு 4, அடிக்கோட்டை நீட்டிச் சுருட்டி, அதில் இரண்டு மொட்டும் ஓர் இலையும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். “நாலுக்கு எதற்கடி கொடி?” என்று தூங்குகிறவளைப் பார்த்துக் கேட்டார். துணியை எடுத்தார். மொட்டையும் இலையையும் விட்டுவிட்டு, 4ஐ மட்டும் அழித்து நேராக எழுதினார்.